'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா': ஐஸ்வர்யா ராஜேஷ் போட்டு உடைத்த 'ஹீரோயின் மெட்டீரியல்' கணக்கு

பெசன்ட் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட். வாசலில் நின்றுகொண்டு, வருவோர் போவோரிடம் சாக்லேட் சாஸை அறிமுகப்படுத்த வேண்டும். 11-ம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த வேலைக்குக் கிடைத்த சம்பளம் 225 ரூபாய். அந்தப் பெண் பின்னாளில் 'காக்கா முட்டை'யிலும் 'கனா'விலும் நடித்தார். பெயர் ஐஸ்வர்யா ராஜேஷ்.

திருச்சி ஐ.ஐ.எம். டெட்எக்ஸ் மேடையில் அவர் பேசிய வீடியோ 2020-ல் இணையத்தில் வேகமாகப் பரவியது. வறுமையிலிருந்து மேலே வந்த கதை என்றுதான் பலரும் அதைப் பகிர்ந்தார்கள். ஆனால், அந்தப் பேச்சில் 'ஊக்கம் தரும் கதை' என்ற லேபிளுக்குள் அடங்காத ஒரு பகுதி இருந்தது. திறமை, உழைப்பு எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு பெண்ணின் தோல் நிறத்தைப் பார்த்து அவருடைய தொழிலின் எல்லையை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் அதை மறுபடி எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

அவர் சொன்னது என்ன?

சென்னையில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்தவர் ஐஸ்வர்யா. அப்பா ராஜேஷ் தெலுங்கு நடிகர். மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். எல்.ஐ.சி. ஏஜென்ட் வேலை, மும்பை போய் சேலை வாங்கிவந்து விற்பது என்று அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். இரண்டு அண்ணன்களையும் அடுத்தடுத்து இழந்தது குடும்பம். நடிப்பு அவருக்குப் பொழுதுபோக்காக வந்ததல்ல. வீட்டுச் செலவுக்கு வேண்டிய வருமானமாகத்தான் வந்தது.

கலைஞர் டி.வி.யின் 'மானாட மயிலாட', சீரியல், பிறகு சினிமா வாய்ப்பு தேடுதல் என்று போன வழியில் அவர் சந்தித்ததை அந்த மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். திரையுலகில் பெண்கள் சந்திக்கும் பாலியல் சீண்டல் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தான் அதோடு நிறத்துக்காகவும், தோற்றத்துக்காகவும், உடுத்தும் விதத்துக்காகவும், தமிழ் பேசும் பெண் என்பதற்காகவும் ஒதுக்கப்பட்டதாகக் கூறினார். ஹீரோயின் மெட்டீரியல் இல்லை, காமெடி நடிகருக்கு ஜோடியாக வேண்டுமானால் பார்க்கலாம் என்ற தொனியில் பதில் வந்ததையும் குறிப்பிட்டார்.

அந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் எடுக்கப்படும் தமிழ்ப் படத்தில், தமிழ் பேசுவதும் தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணும் நிறத்தில் இருப்பதும் ஒரு நடிகைக்கு 'மைனஸ்'!

'இருந்தாலும்' என்ற ஒரு வார்த்தை

இது சினிமாக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்த கணக்கு அல்ல. 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்ற பாராட்டைக் கேட்காத தமிழ் வீடு இருக்காது. சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால், அந்த 'இருந்தாலும்' என்ன செய்கிறது? கறுப்பு ஒரு குறை, களை அதற்கு நஷ்ட ஈடு என்கிறது. 'வெள்ளையா இருந்தாலும் களையா இருக்கா' என்று யாரும் சொல்வதில்லை.

பெண் பார்க்கும் படலத்தில் இதே வாக்கியம் 'பொண்ணு நல்லாதான் இருக்கு, கொஞ்சம் கலர் கம்மி' என்று மாறும். கல்யாண விளம்பரத்தில் 'மாநிறம்' என்று நாகரிகமாக ஒளிந்துகொள்ளும். மயிலாப்பூரில் கருங்கல் சிலையாக நிற்கும் தெய்வத்தின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிற அதே குடும்பம், பக்கத்து மண்டபத்தில் மணப்பெண்ணுக்கு ரெண்டு ஷேடு கூட்டி மேக்கப் போடச் சொல்லும்.

சரி, இது தமிழர்களின் 'தொன்றுதொட்ட ரசனை'யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சங்க இலக்கியம் பெண்ணின் அழகைப் பேசும்போது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொல் 'மாமை'. மாந்தளிரின் கருமை கலந்த பளபளப்பு அது. தலைவனைப் பிரிந்த துயரத்தில் அந்த மாமை போய், உடல் வெளிறிப்போவதற்குப் பெயர் 'பசலை'. அதாவது, அந்தக் கவிஞர்களுக்கு நிறம் வெளிறுவது அழகை இழப்பதன் அடையாளம். இன்றைக்கு அதை ட்யூபில் அடைத்து விற்கிறோம்.

ஹீரோவுக்கு ஒரு ரூல், ஹீரோயினுக்கு வேறு ரூல்

தமிழ் சினிமா கறுப்பை ஏற்காத சினிமா அல்ல. ரஜினிகாந்த், விஜயகாந்த், தனுஷ், விஜய் சேதுபதி என்று அது கொண்டாடிய நாயகர்களின் பட்டியல் நீளம். கறுப்பான ஹீரோவுக்கு 'நம்ம வீட்டுப் பையன்' என்ற அந்தஸ்து கிடைக்கிறது. பக்கத்தில் நிற்கும் நாயகி மட்டும் நம்ம வீட்டுப் பெண் மாதிரி இருக்கக் கூடாது.

2007-ல் வந்த 'சிவாஜி' இதற்கு நல்ல உதாரணம். கறுப்பாக இருக்கிறார் என்று நாயகி காரணம் சொல்ல, நாயகன் வெள்ளையாவதற்குப் படாத பாடு படுவார். ஒரு பாடல் முழுக்க கிராஃபிக்ஸில் ரஜினியின் நிறமே மாற்றப்பட்டிருக்கும். நாயகனின் நிறம் சார்ந்த நகைச்சுவை அவரைச் சிறுமைப்படுத்தாது; கடைசியில் கறுப்புதான் ஜெயிக்கும். ஆனால், அதே படத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வருவார்கள். அடர்கறுப்பு மேக்கப் போட்டு, பார்த்ததும் ஓட வேண்டியவர்கள் என்பது போலக் காட்டப்பட்ட அவர்களுக்கு வைக்கப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரி வள்ளலின் மகள்களின் பெயர்கள்.

ஆண் கறுப்பாக இருந்தால் ஸ்டைல், பெண் கறுப்பாக இருந்தால் காமெடி. ஒரே படத்துக்குள் இரண்டு சட்டம். தியேட்டரில் அன்று சிரித்த எத்தனையோ பெண் பிள்ளைகள், அடுத்த நாள் வகுப்பறையில் அந்தப் பெயர்களால் கிண்டலுக்கு ஆளாகியிருப்பார்கள் என்று ஊகிக்க பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

'காக்கா முட்டை' திறந்த கதவு

2014-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2015 ஜூனில் இங்கே வெளியானது மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'. பீட்சா சாப்பிட ஆசைப்படும் இரண்டு சிறுவர்களின் கதை. சிறந்த குழந்தைகள் படத்துக்கும், சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்குமான தேசிய விருதுகள் கிடைத்தன. அந்தச் சிறுவர்களின் அம்மாவாக நடித்தபோது ஐஸ்வர்யாவுக்கு வயது இருபதுகளின் நடுப்பகுதி.

நாயகி வாய்ப்புக்குக் காத்திருக்கும் இளம் நடிகை, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக நடிப்பதைக் கோடம்பாக்கத்தில் தற்கொலை முயற்சி என்பார்கள். 'அம்மா ரோல் பண்ணிட்டா அப்புறம் அம்மா ரோல்தான் வரும்' என்பது எழுதப்படாத விதி. ஐஸ்வர்யா அதை எடுத்துச் செய்தார். சிறையில் இருக்கும் கணவன், வீட்டில் மாமியார், இரண்டு வால் பையன்கள். எதற்கும் பெரிதாக அழாமல், எதையும் வசனமாக விளக்காமல், அலுப்பையும் அன்பையும் உடம்பிலேயே காட்டிய நடிப்பு அது.

பாராட்டு குவிந்தது. ஆனால், வாய்ப்பு குவியவில்லை. அதன் பிறகும் முன்னணி நாயகர்களின் படங்களில் தனக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும், அதனால் தன் படத்துக்குத் தானே ஹீரோவாக முடிவெடுத்ததையும் அவர் பேசியிருக்கிறார். 2018 டிசம்பரில் வந்த 'கனா' அந்த முடிவின் பலன். குளித்தலை விவசாயி மகள் இந்திய அணிக்காகப் பந்து வீசும் கதை. கிரிக்கெட் பழக்கமில்லாதவர், பல மாதப் பயிற்சி எடுத்துச் சுழற்பந்து வீச்சாளராக நடித்தார்.

அதே ஆண்டில் 'வட சென்னை'யில் வாயைத் திறந்தால் வடசென்னைப் பேச்சு. மணிரத்னத்தின் 'செக்கச் சிவந்த வான'த்தில் இலங்கைத் தமிழ் பேசும் ரேணுகா. ஒரே வருடத்தில் மூன்று வட்டாரத் தமிழ், மூன்று உடல்மொழி. நடிப்பு என்ற தொழிலின் அளவுகோலை எடுத்தால், பேச வேண்டிய விஷயம் இதுதான். ஆனால், பேட்டிகளில் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது நிறம் பற்றிய கேள்வி. தொழிலைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தை நிறத்தைப் பற்றிப் பேசுவதில் செலவழிக்க வேண்டியிருப்பதும் ஒரு இழப்புதான்.

குடிசைக்குக் கறுப்பு, அப்பார்ட்மென்ட்டுக்கு வெள்ளை

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'இப்பதான் கறுப்பான பெண்கள் நடிக்கிறாங்களே' என்று ஒருவர் கேட்கலாம். நடிக்கிறார்கள். எந்த வேடங்களில் என்பதுதான் கேள்வி.

நந்திதா தாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் தமிழில் அவருக்கு இரண்டு முக்கியப் படங்கள். 'அழகி'யில் எல்லாவற்றையும் இழந்து சென்னையில் வீட்டு வேலைக்கு வரும் தனலட்சுமி. 'கன்னத்தில் முத்தமிட்டா'லில் போரில் சிக்கிய ஈழத்துத் தாய். அந்தப் படத்தில் சென்னை நடுத்தர வர்க்கத்து அம்மா யார்? சிம்ரன். இரண்டு நடிகைகளுமே அருமையாக நடித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், எந்த நிறம் எந்த வாசலில் நிறுத்தப்படுகிறது என்பதையும் கவனிக்கத்தானே வேண்டும்?

நந்திதா தாஸே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கிராமத்துப் பெண்ணாகவோ ஏழையாகவோ நடிக்கும்போது யாருக்கும் தன் நிறம் பிரச்சினையாக இருப்பதில்லை. படித்த, வசதியான பெண்ணாக நடிக்க வரும்போதுதான் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்பது அவர் அனுபவம். 2009-ல் சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தில் 2013-ல் அவர் முகமாக இணைந்ததன் பின்னணி இது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏழையாக, பழங்குடிப் பெண்ணாக நடிக்க வெளுத்த நிறமுள்ளவரைத் தேர்ந்தெடுத்து, மேக்கப்பால் கறுப்பாக்குவது. இந்தியில் 2019-ல் வந்த 'பாலா'வில் பூமி பெட்னேகருக்குக் கறுப்பு மேக்கப் போட்டது பெரிய விவாதமானது. 2021-ல் 'ஜெய் பீம்' செங்கேணியாக லிஜோமோள் ஜோஸ் நடித்தபோதும் நிறம் கூட்டப்பட்டது. அவருடைய நடிப்பு மனதை உலுக்கியது, உண்மை. ஆனாலும், கறுப்பு வேடத்துக்குக்கூட கறுப்பான நடிகையைத் தேடாத துறையில், அந்த நடிகைக்கு வேறு எந்த வேடம் மிச்சமிருக்கும்?

முடியாத காரியமா என்றால், முன்பே முடிந்திருக்கிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் சொந்த வீடு கட்டப் போராடும் சென்னை அலுவலகப் பெண் சுதாவாக அர்ச்சனா நடித்தார். தேசிய விருது வாங்கினார். மாநிறத்தில், மிகையான மேக்கப் இல்லாமல், பஸ்ஸில் பார்க்கும் பெண் மாதிரியே இருந்தார். கே.பாலசந்தரின் 'தண்ணீர் தண்ணீர்', 'அச்சமில்லை அச்சமில்லை' படங்களைச் சரிதா தாங்கினார். பிற்காலத்தில் பல நாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்ததும் அவர்தான். அந்தக் குரல் திரையில் தொடர்ந்து ஒலித்தது. அந்த நிறத்துக்குத்தான் வேடங்கள் குறைந்தன.

யார் லாபம் பார்க்கிறார்கள்?

இந்த ரசனைக்குப் பின்னால் ஒரு பெரிய வியாபாரம் இருக்கிறது. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்தது 'ஃபேர் அண்ட் லவ்லி'. 1998-ல் சென்னையைச் சேர்ந்த கெவின்கேர் 'ஃபேர்எவர்' கொண்டுவந்தது. 2005-ல் ஆண்களுக்கும் தனி க்ரீம் வந்தது. பல விளம்பரங்களின் கதை ஒன்றேதான்: கறுப்பான பெண், கிடைக்காத வேலை, தட்டிப்போன கல்யாணம், ஒரு ட்யூப், சில வாரங்கள், எல்லாம் கைகூடும்.

2014-ல் விளம்பரத் தரக் கவுன்சில் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நிறம் குறைந்தவர்களை அழகற்றவர்களாகவோ, வருத்தத்தில் இருப்பவர்களாகவோ, வேலையிலும் திருமணத்திலும் பின்தங்கியவர்களாகவோ காட்டக் கூடாது என்றது. ஆனால், அது துறையினர் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட விதி, சட்டம் அல்ல. 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்தைத் திருத்தி, நிறத்தை வெளுப்பாக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களையும் தண்டனைக்குள் கொண்டுவரும் வரைவை 2020 பிப்ரவரியில் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்டது.

அதே 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த அலையில், 'ஃபேர் அண்ட் லவ்லி'யின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. திருமணத் தளமான ஷாதி.காம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. நல்ல மாற்றங்கள்தான். ஆனால், 'ஃபேர்' போய் 'க்ளோ', 'பிரைட்' என்று வார்த்தை மாறினால் போதுமா? 'கலர் கம்மி' என்பதற்குப் பதில் 'கொஞ்சம் டல்லா இருக்கு' என்று சொல்வது மாதிரிதான் அது.

நடிகைகளுக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதைக் காட்டியவர் சாய் பல்லவி. 2015-ல் 'பிரேமம்' படத்தில் முகப்பருவை மறைக்காமல் 'மலர்' டீச்சராக வந்தவர். 2019-ல் சுமார் இரண்டு கோடி ரூபாய் மதிப்பிலான சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தை மறுத்ததாகச் செய்திகள் வந்தபோது, இது நம் இந்திய நிறம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற பொருளில் விளக்கம் தந்தார். நிறத்தைப் பற்றித் தன் தங்கைக்கு இருந்த தாழ்வு மனப்பான்மையையும் காரணமாகச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். சாய் பல்லவி உடைத்தது மேக்கப் பற்றிய விதியை. நிறத்தால் வாய்ப்பு மறுக்கப்பட்டவர் அல்ல அவர். பரு தெரிந்தாலும் பரவாயில்லை என்று வந்துவிட்ட திரை, கறுப்பு தெரிந்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ஐஸ்வர்யாவின் அனுபவம் அந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறது.

'ஆடியன்ஸ் கேக்குறாங்க' உண்மையா?

தயாரிப்பாளர்கள் தரப்பில் வழக்கமாக வரும் பதில் இது. ஒரு படத்துக்குக் கோடிகளைக் கொட்டுபவர் ரிஸ்க் எடுக்கத் தயங்குவது புரிகிறது. கதைக்கு யார் பொருத்தம் என்று முடிவு செய்யும் உரிமை இயக்குநருக்கு இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால், ஆடியன்ஸுக்கு எதைக் காட்டினோம் என்பதைச் சொல்லாமல் ஆடியன்ஸ் எதைக் கேட்கிறார்கள் என்று சொல்வது நேர்மையான கணக்கு அல்ல. தி.நகர் உஸ்மான் ரோட்டில் நடந்து பாருங்கள். கடைக்குள் சேலை எடுக்கும் பெண்களின் நிறத்துக்கும், கடை வாசலில் நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும் போஸ்டர் பெண்ணின் நிறத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பல வருடமாக ஒரே முகத்தைக் காட்டிவிட்டு, அதையே 'மக்கள் ரசனை' என்பது வசதியான வாதம்.

தொழில்நுட்பமும் நடுநிலையானது அல்ல. கோடாக் நிறுவனம் வண்ணப் புகைப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய 'ஷர்லி கார்டு'களில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்குப் பொருந்தியதுதான் 'சரியான' நிறம். லைட்டிங், மேக்கப் கிட், கலர் கரெக்‌ஷன் என்று எல்லாவற்றிலும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 2017-ல் ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்த பிறகுதான் அழகுசாதன உலகம் அடர்நிறங்களை ஒரு சந்தையாகவே மதிக்கத் தொடங்கியது. கறுப்பான முகம் திரையில் 'டல்' அடிக்கிறது என்றால், மாற வேண்டியது முகம் அல்ல, லைட்.

என்ன மாற வேண்டும்?

'கறுப்பே அழகு' என்று போஸ்டர் போடுவது சுலபம். ஆனால் ஒரு நடிகைக்குத் தேவை பாராட்டுப் பத்திரம் அல்ல, வேடம். நடிகை தேர்வு அறிவிப்புகளில் 'ஃபேர்' என்ற வார்த்தை நீங்க வேண்டும். கறுப்பான பெண் டாக்டராக, வக்கீலாக, அடையாறு அப்பார்ட்மென்ட்டில் இ.எம்.ஐ. கட்டும் ஐ.டி. ஊழியராக, முக்கியமாக, காரணம் எதுவும் சொல்லப்படாமல் காதலிக்கப்படுபவராக வர வேண்டும். நிறம்தான் கதை என்றில்லாத கதைகளில் அவர் வர வேண்டும். அப்போதுதான் அது இயல்பு ஆகும்.

பார்வையாளர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. நடிகையின் போட்டோவுக்குக் கீழே 'கலர் ஏறிட்டாங்க', 'கறுத்துட்டாங்க' என்று கமென்ட் போடுவது நாம்தான். விளம்பரம் ஒன்று நிறத்தை வைத்து இழிவுபடுத்தினால், விளம்பரத் தரக் கவுன்சிலில் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். போன் கையில் இருக்கும் எவருக்கும் சில நிமிட வேலை.

வீட்டில் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. அடுத்த முறை ஒரு குழந்தையைப் பார்த்து 'கறுப்பா இருந்தாலும்...' என்று யாராவது ஆரம்பித்தால், அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்துங்கள். 'களையா இருக்கா' என்பது தனியாகவே முழு வாக்கியம்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் 225 ரூபாய்க்கு நின்ற பெண் எப்படியோ திரைக்கு வந்துவிட்டார். அவரை முன்னுதாரணம் என்று கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால், அதே வரிசையில் நின்று, 'நீ ஹீரோயின் மெட்டீரியல் இல்ல' என்று கேட்டு, திரும்பிப் போன பெண்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. அவர்கள் நடித்திருக்க வேண்டிய படங்களை நாம் பார்க்கவே இல்லை. நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல.